சின்னக் குளத்தில் கிராப்பி மாட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜார்ஜியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் ஒன்றரை ஏக்கர் குளம் இருக்கிறது. சிற்றோடையின் குறுக்கே மண் கரை எழுப்பிக் கட்டியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்படிப்பட்ட பண்ணைக் குளங்கள் ஊருக்கு ஊர் உண்டு. முதல் வருடம் அங்கே கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போய்ப் பல நாள் வெறுங்கையோடு திரும்பினேன். கடிக்காத நாளில் எல்லாம் ஜிக்கின் (முள்ளோடு சேர்ந்த, தலை கனத்த செயற்கை இரை) நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பெட்டி நிறைந்தது, மீன் வரவில்லை. நிறம் சரியாகத்தான் இருந்தது. நான் தூண்டிலை இறக்கிய ஆழம்தான் தப்பு. அதைப் புரிந்துகொண்ட பிறகு, என்ன கோளாறு வந்தாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன்: முதலில் ஆழம், அடுத்து இடம், அப்புறம் வேகம், எல்லாம் பார்த்த பிறகே நிறம். கீழே உள்ளவற்றையும் அந்த வரிசையை மனதில் வைத்தே படியுங்கள்.

தூண்டில் போடும் முன்: குளத்தில் கிராப்பி இருக்கிறதா?

பண்ணைக் குளங்களில் வழக்கமாக விடுவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன், புளூகில் என்ற சிறிய மீன் இரண்டும்தான். கிராப்பியைப் பின்னால் யாராவது கொண்டுவந்து விட்டிருப்பார்கள், அல்லது மேல்குளம் நிரம்பி வழிந்தபோது வந்து சேர்ந்திருக்கும். குளத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள். அவர் பிடித்த மீனின் படம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராப்பியில் இரண்டு வகை. உடல் முழுக்க ஒழுங்கில்லாத கரும்புள்ளிகளும் முதுகுத் துடுப்பில் 7 அல்லது 8 முட்களும் இருந்தால் கருப்பு கிராப்பி. மங்கிய பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடி, முட்கள் 6 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் வெள்ளை கிராப்பி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் இரண்டிலுமே கறுத்துவிடும், ஆகவே நிறத்தை நம்பாமல் முள்ளை எண்ணுங்கள். கருப்பு வகை தெளிந்த நீரையும் நீர்ச்செடியையும் நாடும். கலங்கல் நீரை வெள்ளை வகை நன்றாகத் தாங்கும்.

அனுமதி விஷயம் ஒன்று. தனியார் குளத்தில் உரிமையாளரின் சம்மதம் கட்டாயம். விருந்தாளியாகப் போகிறவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

"ஒரு மணி நேரமாகத் தக்கை அசையவே இல்லை"

நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் புகார் இதுதான். கிராப்பியின் முகத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். கண் பெரிது, வாய் மேல்நோக்கிச் சரிந்திருக்கும். தலைக்கு மேலே போவதைப் பார்த்து ஏறி வந்து வாங்கும் மீன் அது. இரை ஓரிரு அடி மேலே நின்றாலும் வரும். தனக்குக் கீழே கிடப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எனவே அடியில் கிடக்கட்டும் என்று கெளுத்திக்குப் போடுவது போல ஈயத்தைக் கட்டி இறக்கினால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.

தேடுவதற்கு நழுவும் தக்கை வேண்டும். தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) தக்கையின் நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். நமக்கு வேண்டிய ஆழத்தில் தங்கூசியின் மேல் ஒரு நூல் முடிச்சு, அதற்குக் கீழே ஒரு சின்ன மணி. முடிச்சு மணியில் தட்டியதும் தக்கை நின்றுவிடும். வீசும்போது எல்லாம் கீழே இறங்கி வந்துவிடுவதால் 8 அடி ஆழத்துக்கும் சிரமமில்லாமல் வீசலாம். கட்டி வைத்த தக்கையில் இது முடியாது. தங்கூசி 4 அல்லது 6 பவுண்டு தாங்குவது, தூண்டில் முள் மெல்லிய கம்பியில் 4ஆம் எண், அதற்கு ஒரு முழம் மேலே பட்டாணி அளவுக்கும் சிறிய ஈயக்குண்டு ஒன்று. இரை உயிருள்ள மின்னோ (இரைக்குப் பயன்படும் சிறுமீன்) என்றால் முதுகுத் துடுப்பின் அடியில், முதுகெலும்பில் படாமல் குத்துங்கள். ஜிக் என்றால் 1/32 அவுன்ஸ் போதும். கிராப்பி பெரிதாக வளர்ந்தாலும் சின்ன உயிர்களைத் தின்னும் பழக்கத்தை விடுவதில்லை. அதன் செவுளில் சீப்பு போல நீண்ட முட்கள் இருக்கின்றன. மிதவை நுண்ணுயிர்களைக்கூட வடித்துத் தின்ன அவை உதவும். நாம் கட்டும் இரை சின்னதாக இருந்தால் அது சந்தேகப்படாது.

இப்போது 2 அடியில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். கடிக்கவில்லை என்றால் முடிச்சை ஓரடி மேலே ஏற்றுங்கள், இரை ஓரடி கீழே போகும். தரை தட்டும்வரை இப்படியே இறக்கிப் பார்த்துவிட்டு, எங்கும் அசையவில்லை என்றால் பத்தடி நகர்ந்து மறுபடி மேலிருந்து. மேலிருந்து கீழே போவதுதான் முக்கியம். கீழிருந்து தொடங்கினால் மீனுக்கு அடியில் துழாவிக்கொண்டே நேரம் போய்விடும்.

எந்த ஆழத்தில் அதிக நேரம் செலவிடுவது என்பதைப் பருவம் சொல்லும்.

வசந்தத்தில் நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 68 வரை போகும் சில வாரங்களில் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். ஜார்ஜியா நடுப்பகுதியில் இது மார்ச், ஏப்ரல். வடக்கே போகப் போகத் தள்ளிப்போகும். 2 முதல் 5 அடி நீரில், ஒரு கட்டை, ஒரு நாணல் புதர், படகுத்துறையின் கால் இப்படி ஏதாவது ஒன்றின் பக்கத்தில் ஆண் மீன் கூட்டைக் காத்து நிற்கும். கரையில் நின்று பிடிப்பவருக்கு வருடத்திலேயே நல்ல காலம் இதுதான். காலண்டரைப் பார்க்காமல் ஒரு சாதாரண வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள்.

கோடையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெயில் ஏறியதும் குளத்து நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான இலேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர், இரண்டும் கலப்பதில்லை. கீழ் அடுக்கில் மக்கும் இலைதழைகள் உயிர்வாயுவை (ஆக்ஸிஜன்) தின்று தீர்த்துவிடும். சின்னக் குளங்களில், அதுவும் காற்றுப் படாமல் மரங்கள் சூழ்ந்த குளங்களில், இந்தப் பிரிவு ஐந்தாறு அடியிலேயே வந்துவிடலாம். அதற்குக் கீழே மீன் இருக்காது. "வெயில் நேரம், மீன் ஆழத்துக்குப் போயிருக்கும்" என்று நினைத்துக் கரைக்கட்டுப் பக்கம் 10 அடியில் இரையை நிறுத்துவது, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. உயிருள்ள மின்னோவை 10 அடிக்கு இறக்கிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். செத்தோ துவண்டோ வந்தால் அங்கே உயிர்வாயு இல்லை. இரண்டிரண்டு அடியாக மேலே ஏற்றி, துள்ளிக்கொண்டு வரும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு ஓரிரு அடி மேலேதான் கோடைக் கிராப்பி நிற்கும். வேளையும் முக்கியம்: விடியலுக்கு முன்பின்னும் இருட்டிய பிறகும். இரவில் துறையின் ஓரத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் நுண்ணுயிர் வெளிச்சத்துக்கு வரும், அதைத் தின்னச் சிறுமீன் வரும், அதன் பின்னால் கிராப்பி வரும்.

இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்து அடுக்குகள் கலந்துவிட்டால் மீன் எங்கும் பரவும். அப்போது நடந்துகொண்டே பிடியுங்கள். குளிர்காலத்தில் குளத்தின் மிக ஆழமான இடம், பெரும்பாலும் மண் கரைக்கு அருகே, கூட்டமாக அசையாமல் நிற்கும். இரையையும் கிட்டத்தட்ட அசைக்காமல் வையுங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் கடிக்காவிட்டால் இடம் தப்பு. கிராப்பி வெறும் மண்தரை மேல் நிற்க விரும்பாது. முழுகிய மரக்கிளை, பழைய வேலிக்கால், துறையின் நிழல் எதையாவது தேடுங்கள். எதுவுமே இல்லாத குளம் என்றால் உரிமையாளரிடம் கேட்டு நீங்களே வைக்கலாம். மூங்கிலை ஆறடிக்கு வெட்டி, ஒரு வாளியில் பத்துக் குச்சியாக நிறுத்தி சிமென்ட் கலவை ஊற்றி இறக்கினால் பல வருடம் நிற்கும். கோடையில் உயிர்வாயு இருக்கும் ஆழத்தில் வையுங்கள், அடியில் புதைக்க வேண்டாம்.

"தக்கை மூழ்காமல் படுத்துக்கொள்கிறது"

மீன் கடித்துவிட்டது, உடனே இழுங்கள். கிராப்பி கீழிருந்து வந்து இரையை வாங்கிக்கொண்டு மேலேயே ஏறும். ஈயத்தின் எடை தக்கையைவிட்டு நீங்குவதால், நிமிர்ந்து நின்ற தக்கை சாய்ந்து படுத்துவிடும். தக்கை முங்கும்வரை காத்திருந்து பழகியவர்கள் "காற்றில் சாய்கிறது" என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் மீன் இரையைத் துப்பியிருக்கும்.

தக்கையில்லாமல் ஜிக் மட்டும் போடுகிறவர்களுக்கும் இதே அடையாளம் வேறு உருவில் வரும்: விறைப்பாக இறங்கிக்கொண்டிருந்த தங்கூசி திடீரென்று தளரும், அல்லது தரை தொடும் முன்பே நின்றுவிடும். இரண்டுமே கடிதான்.

"இரை மட்டும் காணாமல் போகிறது"

தக்கை படபடவென்று துடித்து நின்றுவிட்டால் அது புளூகில். சின்ன வாய், கொத்திக் கொத்தித் தின்னும். மண்புழு போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள், புழு புளூகில்லுக்கு வைத்த விருந்து. ஒன்றரை முதல் இரண்டு அங்குல மின்னோவுக்கு மாறுங்கள், அல்லது ஜிக் போடுங்கள். அப்படியும் தொல்லை தந்தால் இரண்டடி கீழே இறக்குங்கள். கரையோரச் செடியை விட்டுச் சற்றுத் தள்ளி, திறந்த நீரின் விளிம்புக்குப் போங்கள்.

"மாட்டுகிறது, கரைக்கு வரும்போது கழன்றுவிடுகிறது"

இந்த மீனுக்கு உள்ளூரில் 'பேப்பர்மவுத்' என்று ஒரு பெயர். காகிதம் போன்ற வாய். முள் ஏறிய இடத்தில் கிழிந்து ஓட்டை பெரிதாகும், தங்கூசி ஒரு கணம் தளர்ந்தாலும் முள் நழுவிவிடும். பாஸ் பிடிக்கிறவர்கள் பழக்கத்தில் வெடுக்கென்று இழுப்பார்கள். அந்த இழுப்பே பாதி வாயைக் கிழித்துவிடும். மணிக்கட்டை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள், மெல்லிய கூர்முள் தானாகவே ஏறும். ரீலின் பிடியைத் தளர்த்தி வையுங்கள், கையால் இழுத்தால் தங்கூசி கழன்று வர வேண்டும். விறைப்பான கழியைவிட நுனி வளையும் நீளமான கழி நல்லது. முக்கியமாக, மீனைத் தங்கூசியில் தொங்கவிட்டுத் தூக்காதீர்கள். சின்ன வலை ஒன்று கையில் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

"முள் கிளையில் சிக்கிச் சிக்கி அறுந்துவிடுகிறது"

கிராப்பி கிளைக்குள் நிற்கும், நாமும் அங்கேதான் போட வேண்டும், சிக்கத்தான் செய்யும். தூர நின்று வீசி இழுப்பதற்குப் பதில், 10 அடிக் கழியை நீட்டிக் கிளைக்கு நேர் மேலே இருந்து இறக்கி, நேர் மேலே எடுங்கள். சிக்கினால் ஆத்திரத்தில் ஆட்டாமல், மெதுவாக நேராக இழுத்துப் பிடியுங்கள். மெல்லிய முள் வளைந்து நிமிர்ந்து வெளியே வந்துவிடும், குறடால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள் போட்டால் இந்த வசதி கிடையாது.

"இரண்டு மீன் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது"

கூட்டம் அங்கேயேதான் இருக்கிறது, உஷாராகிவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஓரடி ஆழம் மாற்றிப் பாருங்கள். நிறத்தை மாற்றுவதற்கும் ஜிக்கை 1/64 அவுன்ஸாகக் குறைப்பதற்கும் இதுதான் சரியான சமயம். அப்புறம் ஜிக் எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். மீனை எடுக்கும்போது ஜிக்கைக் கட்டிய முடிச்சு முன்னே நகர்ந்திருக்கும். ஜிக் செங்குத்தாகத் தொங்கும். முடிச்சை நகர்த்தி, நீந்தும் சிறுமீன் போல அது படுக்கை வாட்டில் நிற்கும்படி செய்யுங்கள். இந்தச் சின்ன வேலையை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் நாளின் முடிவில் கூடை வித்தியாசம் தெரியும். இதற்கும் அசையாவிட்டால் அரை மணி நேரம் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள். சின்னக் குளத்தில் நம் காலடி அதிர்வும், நீரில் விழும் நம் நிழலும் மீனுக்கு உடனே தெரியும். கரையில் இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டாம்.

"நேற்று அள்ளினேன், இன்று ஒன்றுமில்லை"

நேற்று இரவு குளிர்காற்று வந்து இன்று வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறதா? அப்படி என்றால் மீன் கிளைக்குள் ஒடுங்கி நிற்கும், தேடி வந்து தின்னாது. நேற்றைய இடத்திலேயே, கிளைக்கு இன்னும் நெருக்கமாக, இன்னும் சின்ன இரையை அசைக்காமல் வையுங்கள். பெருமழை பெய்து நீர் கலங்கியிருந்தால் ஆழத்தைக் குறையுங்கள். கலங்கலில் கருப்பும் பச்சைமஞ்சளும் சேர்ந்த ஜிக் நன்றாகத் தெரியும். வெயில் காலத்தில் குளிர்ந்த பெருமழைக்குப் பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுவாங்கினால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு உடனே குளத்துக்காரரைக் கூப்பிடுங்கள். உயிர்வாயு இல்லாத அடிநீர் மேலே கலந்துவிட்டது என்று அர்த்தம். காற்றூட்டும் கருவி இருந்தால் அப்போதே ஓட வேண்டும்.

"வாளியில் மின்னோ செத்துப்போகிறது"

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் கொல்லும். குளத்து நீரையோ கடையில் தந்த நீரையோ பயன்படுத்துங்கள். வெயிலில் சூடாகாமல் இருக்க, மூடிய பாட்டிலில் உறையவைத்த பனிக்கட்டியை வாளிக்குள் போடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் அது உருகும்போது குளோரினும் சேர்ந்து வரும்.

"மீன் வருகிறது, ஆனால் எல்லாம் ஒரே அளவில், கையகலம்தான்"

இது தூண்டிலின் கோளாறு இல்லை, குளத்தின் கோளாறு. நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான், ஏனென்றால் நாம் பிடிக்கும் விதமே இதைச் சரியாக்கும் அல்லது கெடுக்கும்.

ஒரு பெரிய பெண் கிராப்பி ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரு வருடம் குஞ்சு பிழைக்காது, அடுத்த வருடம் அவ்வளவும் பிழைக்கும். அப்படிப் பிழைத்த ஒரு கூட்டம் முழுவதும் ஒரே அளவில் வளர்ந்து, இருக்கிற தீனியைப் பங்குபோட்டு, 5, 6 அங்குலத்தில் நின்றுவிடும். பாஸுக்கு முன்பே கிராப்பி முட்டையிடுவதால் அதன் குஞ்சு முந்திக்கொள்ளும். போதாததற்குக் கிராப்பி பாஸ் குஞ்சையும் தின்னும். தன்னைக் கட்டுப்படுத்த வேண்டிய மீனையே அது குறைத்துவிடுகிறது. நம் ஊர்க் குளத்தில் ஜிலேபிக் கெண்டை பெருத்து உள்ளங்கை அளவில் நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தென் மாநிலங்களின் மீன்வள ஆலோசகர்கள் சின்னக் குளத்தில் கிராப்பியை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

அடையாளம் எளிது. தலையும் கண்ணும் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாக, முதுகு மெலிந்து இருக்கும். நன்றாகத் தின்று வளர்ந்த 10 அங்குல மீன் ஏறக்குறைய அரை பவுண்டு இருக்கும், முதுகு தடித்திருக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, சின்ன மீனைத் திரும்ப விடாதீர்கள். பாவம், வளரட்டும் என்று விடுவது பொது ஏரியில் சட்டப்படியே தேவைப்படலாம். நெரிசலான தனியார் குளத்தில் அது மற்ற மீன்களையும் பட்டினி போடுகிறது. 6 அங்குல மீனில் சதைத்துண்டு எடுக்க முடியாது என்று உள்ளூர்க்காரர்கள் ஒதுக்குவார்கள். நமக்கு அப்படி இல்லை. செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, இரு பக்கமும் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் தடவி முழுதாகப் பொரித்தால் அருமையான மீன்; வெள்ளைச் சதை, கவிச்சி குறைவு. முதுகுத் துடுப்பின் முள்ளை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

இரண்டாவது, பாஸ் மாட்டினால் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடுங்கள். 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸ் நிறைய இருக்கும் குளத்தில் கிராப்பிக் குஞ்சு தப்பிப்பது கடினம், தப்பியவை பெரிதாக வளரும். நீர் எப்போதும் கலங்கியே இருந்தால் பாஸால் பார்த்து வேட்டையாட முடியாது. மாடு இறங்கிக் கரையைக் கலக்குகிறது என்றால் வேலி போடச் சொல்லுங்கள்.

சின்னக் குளத்தில் பெரிய கிராப்பி வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். கருப்பு கிராப்பியின் உலக சாதனை, 5 பவுண்டு 7 அவுன்ஸுக்குச் சற்று மேல், 2018 மே மாதம் டென்னசி மாநிலத்தின் லவுடன் கவுண்டியில் ஒரு குளத்தில்தான் பிடிபட்டது.

ஒவ்வொரு முறையும் பிடித்ததை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நீரின் வெப்பம், கடித்த ஆழம், நீளம். நண்பரின் குளத்தில் ஒரு வசந்தம் முழுக்க 6 அங்குலம் என்றே எழுதினேன். வாளி வாளியாக எடுத்தோம், பாஸை ஒன்றுவிடாமல் திரும்ப விட்டோம். அடுத்த வசந்தத்தில் 7, 8 என்று எழுதத் தொடங்கினேன். இந்த மார்ச்சில் மூன்றடி ஆழத்தில், பழைய வேலிக்காலின் ஓரத்தில், தக்கை மெதுவாகப் படுத்தது. எடுத்து அளந்தேன், பதினொன்றரை அங்குலம்.